மைனரின் நன்மைக்காக

"பாவம், நன்றாக வந்திருக்க வேண்டிய பையன்கள். மூன்றே வருடத்தில் காணாமல் போய்விட்டார்கள்."

சின்ன வயதில் பாடியோ வாசித்தோ பேர் வாங்கி, பிறகு நின்றுபோன எந்தக் குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நம் வயதுக்காரர்களில் ஒருவராவது இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார். சுற்றி இருப்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். அடுத்த நிமிஷம் பேச்சு மூட்டுவலிக்குப் போய்விடுகிறது. எனக்கு இந்த வாக்கியத்தோடு நெடுநாளாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இன்று அதைத் தீர்த்துவிடப் போகிறேன். காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கவும்.

உதாரணத்துக்கு நம் ஊரை விட்டு வெகுதூரம் போகிறேன். உள்ளூர்க் குழந்தை யாரையாவது எடுத்துக்கொண்டால் அந்த வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகும். படிப்பவர்களும் விஷயத்தை விட்டுவிட்டு, "அது யார், நம்ம அவர் பேத்தியா?" என்று ஆராய்ச்சியில் இறங்கிவிடுவீர்கள். ஆகவே நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதிக்கு வாருங்கள்.

மால்கம் பிரிக்ஹவுஸ், ஜாரட் டாக்கின்ஸ், அலெக் அட்கின்ஸ் என்று மூன்று கறுப்பினச் சிறுவர்கள். மால்கம் கிடார், ஜாரட் டிரம்ஸ், அலெக் பேஸ் கிடார். குழுவின் பெயர் 'அன்லாக்கிங் தி ட்ரூத்', அதாவது உண்மையின் பூட்டைத் திறப்பது. அந்த வயதில்தான் இப்படியெல்லாம் பெயர் வைக்கத் தோன்றும். அவர்கள் வாசித்தது ஹெவி மெட்டல். என் பேரனும் எலெக்ட்ரிக் கிடார் கற்றுக்கொள்கிறான், அவன் சொல்லித்தான் இவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. வீட்டில் அது ஆரம்பித்தால் நான் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுகிற ஆள். ஆனால் இவர்களைப் பற்றி 'பிரேக்கிங் எ மான்ஸ்டர்' என்று ஓர் ஆவணப்படம் 2015-ல் வந்திருக்கிறது. அதை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தது சங்கீத ரசிகனாக இல்லை, 35 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனாக.

அவர்கள் செய்துகொண்டிருந்ததற்கு இப்போதைய பெயர் சுயாதீன இசை. சினிமாக் கம்பெனியோ பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோ பின்னால் இல்லாமல், தானே உருவாக்கி, தானே பதிவு செய்து, தானே கொண்டுபோய்க் கேட்பவரிடம் சேர்ப்பது. நம் காலத்துச் சிற்றிதழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பிரதி அச்சாகும், தபால்தலைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும், நாலு இதழோடு நின்றும் போகும். ஆனால் இதை எழுது, அதை எழுதாதே என்று சொல்ல மேலே ஆள் கிடையாது. இந்தப் பையன்களும் அப்படித்தான் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் நடைபாதையில் நின்று வாசித்தார்கள். பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். 2013-ல் யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். அப்போது பையன்களுக்கு 11, 12 வயது.

அதற்குப் பிறகு நடந்தது வேகம். 2014 ஏப்ரலில் கலிபோர்னியாவில் கோச்செல்லா இசைத் திருவிழா. கன்ஸ் அண்ட் ரோசஸ் என்ற உலகப் புகழ்பெற்ற குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு. அதே வருடம் ஜூலையில் சோனி கம்பெனியோடு ஒப்பந்தம். "எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு 17 லட்சம் டாலர்" என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 10 கோடி ரூபாய். உலகமே வாயைப் பிளந்தது. ஒரு வருடம் கழித்து, 2015-ல், ஒப்பந்தம் முறிந்தது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஓர் ஆல்பம்கூட வெளிவரவில்லை. 2016 ஜூனில் 'கேயாஸ்' என்ற ஆல்பத்தைத் தாங்களாகவே வெளியிட்டார்கள். அதோடு பத்திரிகைகளைப் பொறுத்தவரை கதை ஏறக்குறைய முடிந்தது.

மூன்று வருடம். "பாவம், காணாமல் போய்விட்டார்கள்."

இப்போது அந்த 17 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கடன் பத்திரத்தில் சிறிய எழுத்தை முதலில் படிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

செய்திகளில் வந்த விவரப்படி, பையன்கள் இரண்டு ஆல்பம் கட்டாயம் தர வேண்டும். அதற்கு மேல் வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமை கம்பெனிக்கு. கம்பெனி ஆசைப்பட்டால் மொத்தம் ஆறு ஆல்பம் வரை போகலாம். 17 லட்சம் என்பது எல்லா ஆல்பமும் வந்து, கம்பெனி ஒவ்வொரு கட்டத்திலும் "சரி" என்று தலையாட்டினால் எட்டக்கூடிய உச்சவரம்பு. முதல் ஆல்பத்துக்கு முன்பணமாகப் பேசப்பட்டது 60,000 டாலர் வரைதான்.

முன்பணம் என்பதும் சம்பளம் இல்லை. இசைத்தட்டு உலகில் அது கிட்டத்தட்ட ஒரு கடன். ஆல்பம் விற்று வரும் ராயல்டியிலிருந்து அந்தத் தொகை முழுவதும் கழியும் வரை கலைஞனுக்கு மேற்கொண்டு ஒரு காசு வராது. ஒலிப்பதிவுக்கூடச் செலவும் வழக்கமாக இந்தக் கணக்கில்தான் ஏறும். ஒரு பேச்சுக்கு, 60,000-ல் பாதி ஒலிப்பதிவுக்கே போய்விட்டது என்று வையுங்கள். மீதி 30,000. அதில் மேனேஜருக்குப் பங்கு, வக்கீலுக்குக் கட்டணம், வரி. மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பையன் கைக்கு வருவது அமெரிக்காவில் ஒரு பழைய கார் வாங்கும் காசு. அந்தக் காருக்காக, 13 வயதுப் பையன் ஆறு ஆல்பத்துக்குத் தன் பெயரை அடகு வைக்கிறான். ஆல்பத்துக்கு இரண்டு வருடம் என்று குத்துமதிப்பாக வைத்தாலும் அவன் வெளியே வரும்போது 25 வயது. வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் சாவி கம்பெனியிடம். பையன்களிடம் இருந்தது குழுவின் பெயரில் உள்ள பூட்டு மட்டும்தான்.

சோனியை மட்டும் நான் திட்டவில்லை. பெரிய கம்பெனிகள் பெரியவர்களோடு போடும் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதே வார்ப்புதான். என் கேள்வி, பெரியவனுக்குத் தைத்த சட்டையை 13 வயதுப் பையனுக்கு ஏன் மாட்டினார்கள் என்பது. அந்தப் படத்தில் மனதில் நிற்பது மேடைக் காட்சிகள் இல்லை. நீளமான மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்து வியாபாரம் பேசுகிறார்கள். பையன்களுக்குக் கொட்டாவி வருகிறது. வாத்தியக் குழுவாக இருந்தவர்களுக்கு இப்போது பாட்டும் வேண்டியிருக்கிறது, மால்கம் பாட வேண்டும். அவனுக்கு வயது 13.

13 வயதுப் பையனின் குரல் என்ன ஆகும் என்று நம் நாடக உலகத்துக்கு நன்றாகத் தெரியும். அதற்கென்று 'மகரக்கட்டு' என்று ஒரு வார்த்தையே வைத்திருந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிப் பையன். அந்தக் கம்பெனிகளில் ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ பாடிய பையனுக்குக் குரல் உடைந்தால் அன்றோடு வேஷம் போயிற்று. நேற்றுவரை தங்கமெடல் வாங்கியவன் இன்று திரை இழுக்க வேண்டியதுதான். திரும்ப எழுந்து வந்த பெரிய நடிகர்களின் கதைகளை நாம் ஆசையாகப் படித்திருக்கிறோம். எழுந்து வராதவர்கள் புத்தகம் எழுதவில்லை. ஆகவே, சின்ன வயதில் மேடை ஏறினால் பின்னால் பெரிய ஆளாகலாம் என்ற நம்முடைய கணக்கு, ஜெயித்த சீட்டை மட்டும் வைத்துப் போட்ட லாட்டரிக் கணக்கு.

இனி சட்டத்துக்கு வருகிறேன். வங்கித் தேர்வுக்குப் படித்த எவருக்கும் மறக்காத வழக்கு ஒன்று உண்டு. மோஹிரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ், 1903, பிரிவி கவுன்சில். 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. ரத்து செய்யவே தேவையில்லை, பிறக்கும்போதே அது செத்த பிள்ளை. இந்தியாவில் இன்றும் இதுதான் நிலை. (மைனர் என்றதும் நம் பழைய சினிமாவில் சங்கிலி போட்டுக்கொண்டு வருகிற மைனர் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. நான் சொல்வது பாங்கு மைனர்.)

அமெரிக்காவில் கொஞ்சம் வேறு. அங்கே மைனரின் ஒப்பந்தம் தானாகச் செத்துப்போகாது. ஆனால் "எனக்கு இது வேண்டாம்" என்று மைனர் உதறிவிட்டுப் போகலாம். எத்தனை நல்ல உரிமை பாருங்கள்! தெரியாமல் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு ஒரு கொல்லைப்புறக் கதவு. ஆனால் நியூயார்க், கலிபோர்னியா போன்ற கலைத்தொழில் மாநிலங்களில், கம்பெனிகளின் வசதிக்காக இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒப்பந்தத்தை முன்கூட்டியே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் ஒப்புதல் முத்திரை வாங்கிவிட்டால், அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். பிறகு பிள்ளை உதற முடியாது. நீதிபதி, குழந்தையின் நன்மையைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார் என்பார்கள். வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிப்பில் போடச் சொல்வார் என்பார்கள். உண்மைதான், போடச் சொல்கிறார்கள். சாப்ளினோடு 1921-ல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வயது வந்ததும் பெட்டியைத் திறந்தால், அம்மாவும் மாற்றாந்தந்தையும் செலவழித்து முடித்திருந்தார்கள். 1938-ல் பெற்ற தாய்மீதே வழக்குப் போட்டு, கடைசியில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் 1939-ன் கலிபோர்னியா கூகன் சட்டம். இன்று அந்த மாநிலத்திலும் நியூயார்க்கிலும் குழந்தைக் கலைஞரின் மொத்த வருமானத்தில் 15 சதவீதம் தனிக்கணக்கில் போக வேண்டும்.

காசு பத்திரம். நல்லது. ஆனால் வருடங்கள்? அதற்கு எந்த வங்கியில் தனிக்கணக்கு?

நம் ஊர்ச் சட்டம் மேல் என்று மார்தட்டவும் வழியில்லை. 1940-களின் கடைசியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜ் ராணி வழக்கு வந்தது. ஒரு மைனர் பெண்ணுக்குப் படத்தில் வேஷம் தருவதாக அவள் தகப்பனாரிடம் ஒப்பந்தம். பிறகு வேஷம் வேறொருவருக்குப் போய்விட்டது. நஷ்டஈடு கேட்டு வந்தார்கள். மைனரின் ஒப்பந்தம் செல்லாது, ஆகவே பெண்ணாலும் கேட்க முடியாது, தகப்பனாராலும் கேட்க முடியாது என்று தீர்ப்பு. பிள்ளையைக் கட்டிப்போடக் கூடாது என்று வந்த சட்டமே, பிள்ளை வெறுங்கையோடு திரும்பவும் காரணமானது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடிபடுவது மேடையில் நிற்கும் பொடியன்தான்.

ஒரு சொந்த அனுபவம் சொல்கிறேன். 1990-களில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். மெல்லிசைக் குழு நடத்திய ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவருடைய பையனுக்கு 11 வயது. டி.எம்.எஸ். பாட்டைப் பாடினால் கல்யாணப் பந்தியில் கை அப்படியே நிற்கும். பையன் பெயரில் 40,000 ரூபாய் வைப்புத்தொகை சேர்ந்திருந்தது. ஒருநாள் தகப்பனார் அதன்மேல் கடன் கேட்டு வந்தார். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டி வாங்க வேண்டுமாம். மைனர் வைப்புத்தொகை மேல் கடன் என்றால், "இந்தக் கடன் மைனரின் நன்மைக்காகவே" என்று காப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் படிக்காமலே பேனாவைத் திறந்தார்.

"சார், இது தம்பியோட நன்மைக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"என்ன சார் கேக்குறீங்க? மைக்செட்டு இருந்தாத்தானே அவன் பாடவே முடியும்!"

அவர் பொய் சொல்லவில்லை. குடிகாரரும் இல்லை, சூதாடியும் இல்லை. பிள்ளைமேல் உயிர். பையன் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு, "தம்பி, பாடுறது பிடிக்குமா?" என்றேன்.

"பிடிக்கும் சார். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாடத்தான் பிடிக்காது."

தகப்பனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிள்ளை என் பிள்ளை, பாட்டு நான் சொல்லிக்குடுத்த பாட்டு, காசு மட்டும் அவனுதா?" என்று கேட்டார். நான் கடன் தரவில்லை. அடுத்த வாரம் கணக்கை முடித்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போய்விட்டார். பையனுக்குக் குரல் உடைந்த வருடம் குழுவும் கலைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தத் தகப்பனார் கேட்ட கேள்வியைத்தான் உலகம் முழுக்கப் பெரியவர்கள் வேறு வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவர் கேட்கிறார், மேனேஜர் கேட்கிறார், கம்பெனி கேட்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் நாமும் கேட்கிறோம்: நாங்கள் தட்டிய கைதட்டலுக்கு நீ கடன்பட்டவன் அல்லவா, எப்படி நிறுத்தலாம்? "காணாமல் போய்விட்டார்கள்" என்ற வாக்கியத்தின் உள்ளே இருப்பது அனுதாபம் இல்லை. வசூலாகாத கடனைப் பற்றிய முனகல் அது.

எதிர்ப்பேச்சு எனக்குத் தெரியும். "மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனாக மேடை ஏறவில்லையா?" என்பீர்கள். ஏறினார். 1980-களின் தொடக்கத்தில் சென்னை சபாக்களில் அந்தச் சிறுவன் வாசித்ததைக் கேட்டவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். சபாக்காரர் அன்றைய கச்சேரிக்கு அன்று சன்மானம் கொடுத்தார். அடுத்த ஆறு வருடக் கச்சேரியை எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை மாண்டலினை மூலையில் வைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனாலும் யாரும் நோட்டீஸ் அனுப்பியிருக்க முடியாது. அவர் தொடர்ந்து வாசித்தார், நாம் பாக்கியசாலிகள். நிறுத்தக்கூடிய நிலையில் இருந்துகொண்டு தொடர்ந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"திறமை வீணாகலாமா?" என்பது அடுத்த கேள்வி. 13 வயதில் கிடார் வாசிக்கத் தெரிந்த பையன், 20 வயதில் மேடை ஏறாவிட்டால் திறமை எங்கே போகிறது? நம்மில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினோம்? மாவட்ட அளவில் ஓடினோம்? அது வீணா? பெரியவர்கள் காசு போட்ட திறமைக்கு மட்டும்தான் இந்த 'வீண்' என்ற வார்த்தை வருகிறது.

வேறு வழியும் உண்டு என்பதற்கு அதே அமெரிக்காவில் சியாட்டல் நகரத்து அக்கா தங்கை இருவர் சாட்சி. ஆஸ்யா பியானோ வாசித்துப் பாடினாள், க்ளோயி டிரம்ஸ். க்ளோயிக்கு டிரம்ஸ் சொல்லிக் கொடுத்தவர் டெத் கேப் ஃபார் க்யூட்டி குழுவின் ஜேசன் மெக்கர். குழுவுக்குப் பெயர் ஸ்மூஷ். 2004-ல் ஒரு சின்ன சுயாதீன நிறுவனத்தின் மூலம் முதல் ஆல்பம் வந்தபோது ஒருத்திக்கு 12, மற்றவளுக்கு 10. பிறகு 2006-ல் ஒன்று, 2010-ல் ஒன்று. 2012-ல், போதும் இந்தச் சிறுமிப் பெயர் என்று அதைக் கழற்றிவைத்துவிட்டு, கேயாஸ் கேயாஸ் என்ற புதுப் பெயரில் பெரியவர்களாக வந்தார்கள். சின்னக் கடை, சின்னக் கணக்கு. கோடி ரூபாய்த் தலைப்பு இல்லை, ஆகவே கோடி ரூபாய் ஏமாற்றமும் இல்லை. வளர்ந்தபோது சட்டையை மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. பிள்ளைகளுக்கு சுயாதீன இசை தருகிற பெரிய லாபம் அந்த இடம்தான். அதை விட்டு இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய மேசைமுன் உட்காரவைப்பதற்குப் பெயர் முன்னேற்றம் என்றால், அந்த அகராதி எனக்கு வேண்டாம்.

புரூக்ளின் பையன்களும் கடைசியில் செய்தது என்ன? வெளியே வந்தார்கள். தங்கள் ஆல்பத்தைத் தாங்களே முடித்து, தாங்களே வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு அவரவர் வளர்ந்தார்கள். 14, 15 வயதில் இத்தனை பெரிய கம்பெனியிடம் "போதும்" என்று சொல்லிவிட்டு வருவதற்கு எத்தனை முதுகெலும்பு வேண்டும்! மேலதிகாரியிடம் ஒரு நாள் லீவு கேட்கவே மூன்று நாள் ஒத்திகை பார்த்த தலைமுறை நாம். நாமா அவர்களைப் பார்த்துப் பாவம் என்பது?

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் வீடுகளில் இப்போது நடப்பது அப்படி. பேத்தி நாலு வரி பாடினால் உடனே போனைத் தூக்கிப் பிடிக்கிறோம். "எப்போ டிவியில வரப்போறே?" என்று கேட்காத உறவினர் இல்லை. என் பேரனிடமும் கேட்டாயிற்று. அவன் கிடார் பிடித்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. "ஏன் தாத்தா, வாசிச்சா போதாதா?" என்று என்னிடம் கேட்டான். போதும் என்றேன்.

சட்டம் இங்கேயும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் திருத்தம் வந்து, 2017-ல் விதிகள் வந்தன. குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. நிகழ்ச்சி தயாரிப்பவர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக நேரடியாகப் போக வேண்டும். பள்ளிப் படிப்பு கெடக் கூடாது. எழுத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் வைப்புத்தொகை ரசீதைக் காட்டு என்று கேட்டிருப்பார்கள்?

நமக்கு உத்தியோகம் போய்விட்டது, கேள்வி கேட்கும் உரிமை போகவில்லை. வீட்டில் பாடுகிற, வாசிக்கிற பிள்ளை இருந்தால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று, கையெழுத்துப் போடும் தாளை முழுதும் படித்தீர்களா? அது எத்தனை வருடத்துக்கு? ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

இரண்டு, பாட்டும் பதிவும் யாருக்குச் சொந்தம்? பிள்ளைக்கு 30 வயதாகும்போது, தான் 10 வயதில் பாடியதைத் தானே வெளியிட அனுமதி கேட்டு நிற்க வேண்டுமா?

மூன்று, அந்த 20 சதவீதம் எந்த வங்கியில், எந்த ரசீதில்? தேதியோடு பார்க்க வேண்டும்.

நான்கு, பிள்ளை "போதும்" என்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு, "ஒன்றும் ஆகாது, நிறுத்திக்கொள்ளலாம்" என்ற பதிலைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வியைப் பெற்றோரிடமும் நிகழ்ச்சிக்காரரிடமும் மட்டும் கேட்டால் போதாது. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, போனை எடுக்காமல், பாடச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். நமக்குத்தான் நிறைய நேரம் இருக்கிறதே.